பதினோரு மணிக்கு மேல கோணுற கட்டிங்: கேஜ் வீல் பட்டறையில ஒரு பிளாஸ்மா மெஷின் கேஸ்

நீடாமங்கலத்துலேர்ந்து மன்னார்குடி போற ரோட்டுல ஒரு பட்டறை. டிராக்டர் சேத்துல பொதையாம இருக்க மாட்டுற கேஜ் வீல் (இரும்புக் கூண்டு சக்கரம்), ஹாஃப் கேஜ் வீல், ரொட்டவேட்டர் சைடு பிளேட், லெவலர் பிளேடு, இதுதான் அங்க வேலை. 5க்கு 10 அடி சிஎன்சி டேபிள் (கம்ப்யூட்டர் சொல்ற கோட்டுல டார்ச்சை ஓட்டுறது), 65 ஆம்ப் ஏர் பிளாஸ்மா (காத்தையும் மின்சார ஆர்க்கையும் வச்சு இரும்பை வெட்டுறது), 5 ஹெச்பி பிஸ்டன் கம்ப்ரஷர். வாங்கின புதுசுல அக்கம்பக்கத்து பட்டறைக்காரங்க எல்லாம் வந்து வேடிக்கை பாத்துட்டுப் போனாங்களாம், அவ்ளோ சுத்தமா வெட்டிச்சுன்னு ஓனர் சொன்னார்.

மெஷினைப் பாக்க என்னைக் கூப்பிட்டது புரட்டாசி கடைசியில. மேட்டூர்ல ஜூன் 12ல தண்ணி தொறந்தா ஒரு கணக்கு, தள்ளிப்போனா ஒரு கணக்கு, எப்படிப் பாத்தாலும் சம்பா நடவும் தாளடிக்கு சேறு கலக்குறதும் ஒண்ணு மேல ஒண்ணு வந்து விழுற சமயம் அது, டிராக்டர் வச்சிருக்கவங்க அத்தனை பேரும் ஒரே நேரத்துல கேஜ் வீல் கேட்டு வாசல்ல நிப்பாங்க, வெறும் டயரோட சேத்துல இறக்குனா வண்டி பொதைஞ்சிரும்ல. அந்த நேரம் பாத்து மெஷின் படுத்துருச்சு. படுத்துருச்சுன்னா நிக்கல, ஓடுது, ஆனா வெட்டுறது எதுவும் உருப்படியா இல்ல.

கம்ப்ளெயிண்ட்டை அவங்க சொன்ன மாதிரியே சொல்றேன். 10 மில்லி சென்டர் பிளேட் வெட்டினா ஓரம் சாயுது, மூலமட்டம் வச்சா வெளிச்சம் தெரியுது. அடியில ஸ்லாக், அதாவது உருகி உறைஞ்ச இரும்புக் கசடு, கெட்டியா ஒட்டிக்குது, சுத்தியல்ல தட்டினா போகல, ஒரு பையன் நாள் பூரா கிரைண்டரோடயே உக்காந்திருக்கான். போல்ட்டு ஓட்டை மேல வட்டமா இருக்கு, கீழ முட்டையா இருக்கு, 16 போல்ட்டு இறங்க மாட்டேங்குது. அதோட டார்ச் நுனியில தேயத்தேய மாத்துற எலக்ட்ரோடு நாசில் செலவு, முன்னாடி ஒரு செட்டுல ஒண்ணரை நாள் ஓட்டுவாங்க, இப்ப மதியத்துக்குள்ள முடிஞ்சிருது.

நான் போறதுக்கு முன்னாடியே ஆளாளுக்கு வைத்தியம் பாத்திருந்தாங்க. ஒருத்தர் வந்து ஸ்பீடை குறைச்சுட்டுப் போயிருக்கார். இன்னொருத்தர் பம்ப்செட் எல்லாம் ஓடுற சீசன், வோல்டேஜ் பத்தல, ஸ்டெபிலைசர் போடுங்கன்னுட்டார். பிளேட் கொடுத்த கடைக்காரர் கிட்ட சண்டையே போட்டாச்சு. ஓனர் என்னைப் பாத்ததும் கேட்ட மொத கேள்வி, "தம்பி, சோர்ஸ் போச்சா? புதுசு போட்டுரலாமா, ஒளிக்காம சொல்லுங்க". சோர்ஸ்னா டார்ச்சுக்கு கரண்ட் கொடுக்குற பெட்டி.

நான் ஸ்கிரீன் பக்கமே போகல. இதுல எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. கட்டிங் கெட்டுப்போச்சுன்னா எல்லாரும் கை வைக்கிற மொத இடம் ஸ்பீடும் வோல்ட்டும்தான், ஏன்னா அது கைக்கு எட்டுற இடத்துல இருக்கு, காசும் ஆகாது. ஆனா போன மாசம் இதே செட்டிங்ல நல்லா வெட்டின மெஷின் இந்த மாசம் கெட்டா, மாறினது செட்டிங் கிடையாது, வேற ஏதோ. அதைக் கண்டுபிடிக்காம செட்டிங்கை மாத்துறது கோளாறு மேல துணியைப் போட்டு மூடுறதுதான். கொஞ்ச நாள்ல அந்தத் துணியே தனியா ஒரு கோளாறா நிக்கும், இந்த கேஸ்ல அப்படித்தான் நின்னுச்சு, அதை அப்புறம் சொல்றேன்.

ஹார்லிக்ஸ் பாட்டில்

தேஞ்ச எலக்ட்ரோடு எல்லாம் எங்க போடுறீங்கன்னு ஆபரேட்டர் தம்பிகிட்ட கேட்டேன். செம்பு ஆச்சே, காயலான் கடையில நல்ல காசுன்னு ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டில்ல சேத்து வச்சிருந்தான். எனக்கு அது பொக்கிஷம். பழசு அடியில, புதுசு மேல. அப்படியே ஒரு பேப்பர்ல கொட்டி வரிசையா அடுக்கிப் பாத்தா மெஷினோட கதை பூரா அதுல இருந்துச்சு.

அடியில கிடந்த பழசு எல்லாம் ஒழுங்கா தேஞ்சிருக்கு. எலக்ட்ரோடு மூக்குல நடுவுல ஹாஃப்னியம்னு ஒரு சின்ன பொட்டு வச்சிருப்பாங்க, ஆர்க் பிறக்குறது அந்தப் பொட்டுலதான், எரிய எரிய அது கரைஞ்சு குழியாகும். நல்லா தேஞ்சதுல குழி நட்டநடுவுல வட்டமா இருக்கும். ஒண்ணரை மில்லி ஆழம் வந்தா மாத்திரணும், அதுக்கு மேல ஓட்டுனா வெடிச்சு நாசிலையும் கூட்டிட்டுப் போகும், சில சமயம் டார்ச்சையே. மேல கிடந்த புதுசைப் பாத்தா குழி ஒரு பக்கமா இழுத்து தின்னிருக்கு, செம்பு மேல கருப்பா தடம் தடமா ஓடியிருக்கு. நாசிலை லைட்டுக்கு நேரா பிடிச்சுப் பாத்தா ஓட்டை வட்டமாவே இல்ல, ஒரு பக்கம் பல்லு போன மாதிரி. உள்பக்கம் கீறல் கீறலா, விரல் வச்சா கை கருப்பாகுது. டார்ச்சைக் கழட்டி, காத்தை சுழட்டி விடுற சுவர்ல் ரிங்கை எடுத்தேன், ஓரத்துல பிசுபிசுன்னு இருக்கு, தண்ணியும் எண்ணெயும் கலந்த பிசுபிசுப்பு.

நாசில் ஓட்டை வட்டமா இல்லைன்னா ஆர்க் நேரா இறங்காது, ஓரம் சாயத்தான் செய்யும். அதனால இங்க கேள்வி ஏன் சாயுதுங்கறது இல்ல, ஏன் நாசில் மதியத்துக்குள்ள சாகுதுங்கறதுதான்.

அடுத்து கேட்டது, நாள் முழுக்க ஒரே மாதிரி மோசமா வெட்டுதா, நேரத்துக்கு நேரம் மாறுதான்னு. இதை இதுக்கு முன்னாடி யாரும் கேக்கலன்னு தம்பி சொன்னான். யோசிச்சு சொன்னான், காலையில மொத ரெண்டு மூணு பியர்சிங் (வெட்ட ஆரம்பிக்க பிளேட்ல ஓட்டை போடுறது) மட்டும் பட்டு பட்டுன்னு துப்பும், அப்புறம் ஒரு மூணு மணி நேரம் பரவால்ல, பதினோரு மணி தாண்டிட்டா கோண ஆரம்பிச்சிரும், மழை பேஞ்ச அன்னிக்கு இன்னும் சீக்கிரமே. சாப்பாட்டுக்கு நிறுத்திட்டு வந்தா மறுபடி கொஞ்ச நேரம் நல்லா இருக்கும்.

இதைக் கேட்டதும் பாதி கேஸ் முடிஞ்ச மாதிரி ஆச்சு. சோர்ஸ் போயிருந்தா சாப்பாட்டு இடைவேளை பாத்து திருந்தாது.

கம்ப்ரஷர் எங்க இருக்கு?

பட்டறைக்குப் பின்னால சாய்ப்பு இறக்கி, தகரம் போட்டு, மூணு பக்கமும் அடைச்சு, அதுக்குள்ள வச்சிருக்காங்க, சத்தம் கேக்கக்கூடாதுன்னு. டேங்க் மேல கை வச்சேன், வைக்க முடியல. டேங்க் வாயிலயே ஒரு ஃபில்டர். அங்கேர்ந்து ஒரு ரப்பர் ஹோஸ் சுவர் மேல ஏறி, டிரஸ்ல தொங்கி, நடுவுல நல்லா வயிறு மாதிரி கீழ இறங்கி, மறுபடி ஏறி மெஷினுக்கு வருது. மெஷின் பக்கத்துல ஒரு எஃப்ஆர்எல். எஃப் ஃபில்டர், ஆர் ரெகுலேட்டர், எல் லூப்ரிகேட்டர். அந்த லூப்ரிகேட்டர்ல ஆயில் முழுசா ஊத்தி வச்சிருக்கு! ஏர் கன்னுக்கும் நியூமேட்டிக் கிரைண்டருக்கும்தான் அது, பிளாஸ்மா டார்ச்சுக்கு எண்ணெய் துளியும் ஆகாது. கம்ப்ரஷர் மாட்டினவர் பழக்கதோஷத்துல மாட்டிட்டுப் போயிருக்கார், மெஷின்காரங்க வந்தப்பவும் கவனிக்கல.

பேப்பர் டெஸ்ட் பண்ணோம். ஆர்க் போடாம காத்து மட்டும் வர்ற மாதிரி வச்சுட்டு, டார்ச்சுக்கு கீழ வெள்ளை பேப்பரை கொஞ்ச நேரம் பிடிக்கணும். காலையில எடுத்தப்ப லேசா ஈரம். பதினொண்ணரைக்கு எடுத்தப்ப பொட்டு பொட்டா தண்ணி, நடுவுல மஞ்சளா எண்ணெய் கறை. அந்த பேப்பரை ஓனர் கையில கொடுத்தேன், வேற எதுவும் பேசல.

அவர் ஒத்துக்கல. "ஃபில்டர்தான் இருக்கே தம்பி, டேங்க்கும் தினம் டிரெயின் பண்றோமே, அப்புறம் எப்படி தண்ணி வரும்?" நியாயமான கேள்வி. ஃபில்டர் பிடிக்கிறது துளியா இருக்குற தண்ணியை மட்டும்தான். ஆவியா இருக்குறது ஃபில்டருக்குள்ள புகுந்து அந்தப் பக்கம் சாதாரணமா போயிரும். சோத்துப்பானை ஆவி பானைக்குள்ள தண்ணியா தெரியாது, மூடியில பட்டு ஆறினாத்தான் சொட்டும், இங்க அந்த மூடி உங்க ஹோஸும் டார்ச்சும்னு சொன்னேன்.

கணக்கு போட்டும் காட்டினேன், இதை யாரு வேணா போட்டுப் பாக்கலாம். இந்த சைஸ் மெஷினுக்கு நிமிஷத்துக்கு கிட்டத்தட்ட 190 லிட்டர் காத்து வேணும், மணிக்கு 11 கன மீட்டருக்கு கொஞ்சம் மேல. 30 டிகிரியில முழுசா ஈரமான காத்துல ஒரு கன மீட்டருக்கு 30 கிராம் தண்ணி ஆவியா இருக்கும், நம்ம ஊர் ஐப்பசி காத்து 85 சதவீதம் ஈரம்னு வச்சாலும் 25 கிராம். ஆர்க் நிக்காம எரிஞ்சா மணிக்கு 280, 290 கிராம் தண்ணியை கம்ப்ரஷர் உள்ள இழுக்குது. 7 பார்ல அமுக்கினா அந்த காத்து எட்டுல ஒரு பங்கா சுருங்கிரும், ஆனா டேங்க் 50 டிகிரி சூட்டுல இருக்குறதால அதுல சுமார் 120 கிராம் ஆவியாவே இருந்து ஃபில்டரைத் தாண்டிரும். அது ஹோஸ்ல போகப்போக ஆறி, டார்ச் பக்கம் வந்து 30 டிகிரிக்கு இறங்கினா மணிக்கு 70 கிராமுக்கு மேல அங்கதான் தண்ணியா இறங்கணும், வேற வழியில்ல. சூடான டேங்க் வாயில ஃபில்டரை மாட்டி பிரயோஜனமே இல்லைங்கறது இதுலேர்ந்து புரியும். காலையில துப்புறது ராத்திரி ஹோஸ் வயித்துல தேங்கின தண்ணி. நடுவுல நல்லா வெட்டுறது கம்ப்ரஷர் இன்னும் சூடேறாத நேரம். பதினோரு மணி எங்கேர்ந்து வந்துச்சுன்னு ஓனருக்கே விளங்கிருச்சு.

வாங்கின புதுசுல ஏன் நல்லா வெட்டிச்சுன்னா, வாங்கினது மாசியில. நாளுக்கு நாலஞ்சு பிளேட்தான் வேலை, கம்ப்ரஷர் சூடாகவே இல்ல.

இன்னொண்ணும் இருந்துச்சு. பிரஷர் கேஜ்ல 7 பார் காட்டுது, எல்லாம் சரின்னு நினைச்சுட்டு இருந்தாங்க. காத்து ஓடாம நிக்கும்போது எல்லா கேஜும் 7தான் காட்டும். காத்தை ஓட விட்டு மெஷின் வாய்ல பாத்தா நாலு சொச்சத்துக்கு இறங்குது. ஹோஸ் உள் அளவு 6 மில்லி, அதுவும் அவ்ளோ நீளம். பிரஷர் பத்தலன்னா ஆர்க்கை சுத்தி காத்து சுழல்றது வலுவா இருக்காது, ஆர்க் நாசில் சுவத்தை தின்ன ஆரம்பிச்சிரும். தண்ணி ஒரு பக்கம் அடிக்குது, இது ஒரு பக்கம்.

டிரையர் வாங்கச் சொன்னேன், ரெஃப்ரிஜிரேட்டட் டைப், அது காத்தை 3 டிகிரி கிட்ட ஆறவச்சு தண்ணியை அங்கயே வடிச்சிரும், மணிக்கு 10 கிராம் கூட தாண்டாது. சீசன் முடியட்டும் தம்பி, இப்ப கையில காசு இல்லன்னார், அதுவும் சரிதான், கேஜ் வீல் பாதிக்கு மேல கடனுக்குத்தான் போகுது, அறுவடை முடிஞ்சாத்தான் பணம் வரும். அதனால கையில இருந்ததை வச்சு செஞ்சோம். சாய்ப்புல ரெண்டு பக்கம் தகரத்தைக் கழட்டினோம், ஒரு ஃபேன் வச்சோம். ஹோஸைத் தூக்கிட்டு முக்கால் இஞ்ச் ஜிஐ பைப்பை பட்டறையோட நிழல் சுவர் பூரா சுத்தி ஓட்டினோம், நீளமா ஓடுற பைப்பே காத்தை ஆறவைக்கும். மெஷின் பக்கம் போகப்போக லேசா சரிவு. ரெண்டு இடத்துல கீழ்நோக்கி ஒரு துண்டு இறக்கி அதோட அடியில டிரெயின் காக். மெஷினுக்கு போற கனெக்‌ஷனை மெயின் பைப்போட மேல்பக்கத்துலேர்ந்து எடுத்து வளைச்சு கீழ இறக்கினோம், அடிப்பக்கத்துலேர்ந்து எடுத்தா ஓடி வர்ற தண்ணியெல்லாம் நேரா மெஷினுக்குத்தான் போகும். ஃபில்டர் இப்ப கடைசியில, டார்ச்சுக்கு பக்கத்துல, ஆறின காத்துல. லூப்ரிகேட்டரைக் கழட்டி ஏர் கன் லைனுக்கு தனியா போட்டாச்சு.

மறுநாள் பன்னெண்டு மணிக்கு பேப்பர் டெஸ்ட், காஞ்ச பேப்பர். காத்து ஓடும்போது கேஜ் அஞ்சே முக்கால்.

சரி பண்ணதும் மோசமாச்சு

புது எலக்ட்ரோடு, புது நாசில், புது சுவர்ல் ரிங் போட்டு வெட்டினா முன்னைவிட அசிங்கமா வந்துச்சு. நாலு பக்கமும் சாயுது, மேல பக்கம் சின்னதா அடி பெருசா, மேல ஓரம் உருண்டு துப்பல் சிதறிக் கிடக்கு, அடியில குண்டு குண்டா ஸ்லாக். ஓனர் மூஞ்சி தொங்கிருச்சு, பைப்பு செலவு வேஸ்ட்டுன்னு.

முன்னாடி சொன்ன துணி இதுதான். ஸ்கிரீன்ல பாத்தா ஸ்பீடு நிமிஷத்துக்கு 900 மில்லி. மெஷின் கூட வந்த சார்ட்ல 10 மில்லிக்கு 1500க்கு மேல. ஆர்க் வோல்ட் சார்ட்ல 129, இதுல 148. பியர்ஸ் ஹைட்டும் (ஓட்டை போடும்போது டார்ச் நிக்குற உயரம்) கட் ஹைட்டும் (வெட்டும்போது நிக்குற உயரம்) ஒரே நம்பர். எல்லாமே இடைப்பட்ட காலத்துல ஒருத்தர் மேல ஒருத்தர் மாத்தினது.

148 எப்படி வந்துச்சுன்னா, டார்ச் உயரத்தைப் பாத்துக்குற ஹைட் கண்ட்ரோலுக்கு உயரம்னா என்னன்னு தெரியாது, அதுக்குத் தெரிஞ்சது வோல்ட் மட்டும்தான். ஆர்க் நீளமானா வோல்ட் ஏறும், குறுகினா இறங்கும், அதை வச்சு டார்ச்சை மேலயும் கீழயும் ஆட்டுது. எலக்ட்ரோடுல குழி விழுந்துட்டா ஆர்க் உள்ள ஆழத்துலேர்ந்து கிளம்புது, டார்ச் உயரம் அதேதான், ஆனா ஆர்க் நீளம் கூடிருது, வோல்ட் ஏறுது. கண்ட்ரோல் என்ன நினைக்கும், ஐயோ டார்ச் மேல போயிருச்சேன்னு கீழ இறக்கும். இங்க குழி ரெண்டு மணி நேரத்துல விழுந்ததால டார்ச் பிளேட்ல போய் இடிச்சிருக்கு. இடிக்குதேன்னு வோல்ட்டை ஏத்தியிருக்காங்க, மறுபடி இடிக்க மறுபடி ஏத்தி, 148ல வந்து நின்னிருக்கு. தேஞ்ச எலக்ட்ரோடுக்கு அது ஓரளவு பொருந்திச்சு. புது எலக்ட்ரோடு போட்டதும் அதே 148ல டார்ச் ஆகாசத்துல நிக்குது. 5 வோல்ட்டுக்கு அரை மில்லின்னு தோராயமா வச்சுக்கிட்டா 19 வோல்ட்டுக்கு கிட்டத்தட்ட ரெண்டு மில்லி அதிக உயரம், 1.5 மில்லியில ஓடவேண்டிய டார்ச் 3.5ல ஓடுது. உயரம் கூடினா மேல்பக்கம் அதிகமா தின்னும், அதான் நாலு பக்கமும் சாய்வு.

சார்ட்ல இருக்குற 129ஐயும் அப்படியே நம்பி போட வேண்டியதில்ல, வாங்கின ஹைட் கண்ட்ரோல் ஒவ்வொண்ணும் கொஞ்சம் கூடக்குறைய காட்டும். ஹைட் கண்ட்ரோலை ஆஃப் பண்ணிட்டு, புது எலக்ட்ரோடு போட்டு, நல்லா சமமான பிளேட்ல ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்குற மெல்லிசு தகடு) வச்சு 1.5 மில்லி உயரம் செட் பண்ணி, நேர் கோடு ஒண்ணு வெட்டணும், வெட்டும்போது ஸ்கிரீன்ல என்ன வோல்ட் காட்டுதோ அதுதான் உங்க மெஷினோட நம்பர். இங்க 126 காட்டுச்சு. அதை சுவத்துல சாக்பீஸ்ல எழுதி வச்சோம். எலக்ட்ரோடு தேயத்தேய அஞ்சு வோல்ட் வரைக்கும் ஏத்திக்கலாம், அதுக்கு மேல ஏத்தணும்னு தோணினா எலக்ட்ரோடை மாத்துற நேரம் வந்துருச்சுன்னு தம்பிகிட்ட சொன்னேன்.

ஸ்பீடுக்கு சார்ட்டை மட்டும் நம்பாம ஸ்லாக்கைப் பாக்கணும். மெதுவா போனா வர்ற ஸ்லாக் குண்டு குண்டா, கட்டியா இருக்கும், பாக்க பயமா இருக்கும் ஆனா தட்டினா விழுந்துரும். வேகமா போனா வர்றது மெல்லிசா நூல் மாதிரி அடி ஓரத்துல ஒட்டிக்கும், அதை கிரைண்டர் இல்லாம எடுக்க முடியாது. வெட்டின முகத்துல கோடு கோடா தெரியும்ல, அதையும் பாருங்க, மெதுவா போனா கிட்டத்தட்ட செங்குத்தா நிக்கும், வேகமா போகப்போக டார்ச் போன திசைக்கு பின்னாடி வளைஞ்சு சாயும். கைப்பிடி நீள பட்டை பட்டையா, ஒவ்வொண்ணுக்கும் நூறு நூறு கூட்டி வெட்டிப் பாத்தோம். 1500, 1600 நடுவுல ஸ்லாக் ஏறக்குறைய இல்லாமயே போச்சு, இருந்ததும் சிப்பிங் சுத்தியல்ல ஒரு தட்டுக்கு உதிருது. மெதுவா போனா சுத்தமா வெட்டும்னு ஒரு நம்பிக்கை நம்ம ஊர் பட்டறைங்கள்ல ஊறிப்போயிருக்கு, ஆக்சிஜன் கேஸ் கட்டிங் பழக்கமா இருக்கலாம், பிளாஸ்மாவுக்கு அது எடுபடாது. மெதுவா போனா ஆர்க் வெட்ட இரும்பு தேடி அகலமா விரியும், விரிஞ்சா வோல்ட் ஏறும், ஏறினா டார்ச் இறங்கும், திரும்ப இடிக்கும்.

பியர்ஸ் ஹைட்டை கட் ஹைட்டுக்கு ரெண்டு மடங்குக்கு மேல ஏத்தினோம். ஓட்டை போடும்போது உருகின இரும்பு வெளிய போக வழி இல்லாம மேல திரும்பித்தான் தெறிக்கும், டார்ச் ஒட்டி நின்னா நேரா நாசில்லயும் அதுக்கு வெளிய இருக்குற ஷீல்டு மூடியிலயும்தான் அடிக்கும். பாட்டில்ல கிடந்த ஷீல்டு எல்லாம் வாய் அடைச்சிருந்ததுக்கு காரணம் இது ஒண்ணுதான், தண்ணி இல்ல.

வலது சைடு பிளேட் மட்டும்

சென்டர் பிளேட் சரியாச்சு. ரொட்டவேட்டர் சைடு பிளேட்ல ஒரு வேடிக்கை. இடது பிளேட் மூலமட்டத்துல பொருந்துது, வலது பிளேட் சாயுது. அதே பிளேட், அதே நாசில், ஒண்ணு முடிஞ்சு அடுத்தது.

பிளாஸ்மா காத்து நேரா இறங்காது, சுவர்ல் ரிங் அதை சுழட்டி விடும். அதனால டார்ச் போற திசைக்கு ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி வெட்டாது, சாதாரண ரிங்குன்னா வலது கை பக்கம் நேராவும் இடது கை பக்கம் சாய்வாவும் வரும். நமக்கு வேணுங்கற பீஸ் எப்பவும் வலது பக்கம் இருக்குற மாதிரி ஓட்டணும். வெளி ஓரத்தை கடிகாரம் சுத்துற திசையில, உள் ஓட்டையை எதிர் திசையில. புரோகிராமைத் திறந்து பாத்தா இடது பிளேட்டை ஒழுங்கா போட்டுட்டு, டூல்பாத் (டார்ச் ஓடுற வழி) போட்டு முடிஞ்ச அப்புறம் மொத்தமா மிரர் அடிச்சு வலது பிளேட் ஆக்கியிருக்காங்க. மிரர் அடிச்சா உருவம் மட்டுமா திரும்பும், ஓடுற திசையும் திரும்பிரும். டிராயிங்கை மிரர் பண்ணிட்டு டூல்பாத்தைப் புதுசா போடச் சொன்னேன், முடிஞ்சது.

ஓட்டை

ஓட்டை கேஸ்ல ரெண்டு விஷயம் கலந்து கிடந்துச்சு. சின்ன வட்டம் சுத்தும்போது மெஷின் தானா வேகத்தைக் குறைக்கும், குறைச்சா வோல்ட் ஏறும், ஹைட் கண்ட்ரோல் டார்ச்சை உள்ள அமுக்கும். அதனால ஓட்டைக்கு ஹைட் கண்ட்ரோல் ஆஃப், ஸ்பீடு வெளி ஓரம் வெட்டுற ஸ்பீடுல 60 சதவீதம், லீட் இன் (வெட்டு ஆரம்பிச்சு கோட்டுக்கு வர்ற வழி) நடுவுலேர்ந்து. மூலை திரும்பும்போதும் இதே கதைதான், வேகம் குறைஞ்சா கண்ட்ரோல் தூங்குற மாதிரி ஒரு செட்டிங் இருக்கும், அதையும் போட்டோம்.

அப்புறமும் ஒரு திசையில அரை மில்லி முட்டையா இருந்துச்சு. இதுக்கு டார்ச்சைக் கழட்டிட்டு அந்த இடத்துல ஒரு மார்க்கர் பேனாவை டேப் சுத்திக் கட்டி, பிளேட் மேல சார்ட் பேப்பர் ஒட்டி அதே புரோகிராமை ஓட்டிப் பாருங்க. ஆர்க், காத்து, வோல்ட் எதுவும் இல்ல, மெஷின் அசைவு மட்டும்தான். பேனா போட்ட வட்டம் ஒழுங்கா இருந்தா மெஷின் மேல குத்தமில்ல. இங்க வட்டத்துல எதிரெதிரா ரெண்டு இடத்துல தட்டையா ஒரு சின்ன படி, மோட்டார் திசை மாறுற இடம். கேன்ட்ரியோட (டார்ச்சைத் தாங்கி ஓடுற குறுக்குச் சட்டம்) ஒரு பக்கத்து பினியனை (மோட்டார்ல இருக்குற சின்ன பல்சக்கரம்) ரேக்கோட (பல்லு வெட்டின நீளப் பட்டை) அழுத்திப் பிடிக்கிற ஸ்பிரிங் தளர்ந்து பல்லு இடைவெளி விழுந்திருக்கு, ரேக் பூரா கிரைண்டிங் தூசி வேற கிரீஸோட சேந்து பசையா உறைஞ்சு. துடைச்சு ஸ்பிரிங்கை இறுக்கினதும் வட்டம் வட்டமாச்சு. கிரைண்டர் பையன் உக்காந்திருந்தது சரியா ரேக்குக்குப் பக்கத்துல.

வோல்டேஜ் சந்தேகத்தை ரெண்டு வரியில முடிச்சிரலாம், ஆர்க் எரியும்போது மூணு ஃபேஸையும் மீட்டர்ல பாத்தோம், மெஷின் தகட்டுல போட்டிருக்குற ரேஞ்சுக்குள்ளதான் இருந்துச்சு. பிளேட்டும் நல்ல பிளேட்தான், வெளிய மழையில கிடந்து துருவேறியிருந்தது, அவ்ளோதான், ஆனா எர்த் கிளாம்ப்பை ஸ்லாக் மண்டிப்போன பெட் பட்டையில மாட்டியிருந்தாங்க, அதை பிளேட்லயே ஒரு ஓரத்தை கிரைண்ட் பண்ணி மாட்டச் சொன்னேன். கடைக்காரருக்கு ஓனர் போன் போட்டு சமாதானம் பேசினார், அது நல்லது.

வெல்டர் ஒருத்தர் இதெல்லாம் ஓரமா நின்னு பாத்துட்டு கடைசியில வந்து, "இப்ப ஓரம் பளபளன்னு இருக்குண்ணே, ஆனா அது மேல வெல்டு போட்டா பின்ஹோல் விழுது, கேஸ் கட்டிங்ல விழாது"ன்னார். அவர் சொன்னது உண்மை, இதுக்கு மெஷின்ல செட்டிங் கிடையாது. ஏர் பிளாஸ்மாவுல வெட்டுறது காத்து, காத்துல முக்கால் பங்குக்கு மேல நைட்ரஜன், வெட்டின முகத்துல அது மெல்லிசா ஏறிக்கும், வெல்டு உருகும்போது வெளிய வந்து ஓட்டையாகும். கேஜ் வீல் சேத்துக்குள்ள அடி வாங்குற சாமான், வெல்டுல ஓட்டை இருக்கக்கூடாது. வெல்டு விழுற ஓரத்தை மட்டும் ஃப்ளாப் டிஸ்க்ல ஒரு இழுப்பு இழுத்துட்டு வைக்கச் சொன்னேன், அந்த மேல்தோல் போனா போதும். கிரைண்டர் பையனுக்கு வேலை மிச்சம் இருக்கு, ஆனா முன்னாடி மாதிரி நாள் பூரா இல்ல, இடமும் ரேக்கை விட்டுத் தள்ளி.

ஐப்பசி மழையிலயும் இப்ப ஒரு செட் ஒரு நாளைத் தாண்டி ஓடுதுன்னு சொல்றாங்க, டிரெயின் காக்கை காலையில ஒருவாட்டி சாப்பாட்டு நேரத்துல ஒருவாட்டி திறந்து விடணும், மறந்தா மறுபடி துப்பும், அது டிரையர் வர்ற வரைக்கும். 10 மில்லியில 18 ஓட்டைக்கு 16 போல்ட்டு கையாலயே இறங்குது. 12 மில்லி பிளேட்ல 12 ஓட்டை கேட்டாங்க, பிளேட் தடிமனும் ஓட்டையும் ஒரே அளவுன்னா ஏர் பிளாஸ்மாவுல கீழ சுருங்காம வராது, முகமும் கடினமாயிரும், டேப் உள்ள போகாம உடையும். அதுக்கு பிளாஸ்மாவுல சென்டர் பொட்டு மட்டும் வச்சுட்டு டிரில்லிங் மெஷின்ல போடுறாங்க.